ஓடி ஓய்ந்த குதிரைக்கு ஓய்வு உண்டா?

அயல்நாடு ஒன்றில் குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். நாட்டின் பெயரையும் பண்ணையின் பெயரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால், அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறோம்.

நான்கு வருடங்கள் பந்தயத்தில் ஓடிய பெட்டைக் குதிரை ஒன்று நவம்பர் மாதக் கடைசியில் அவருடைய லாயத்துக்கு வந்து சேர்ந்தது. கடைசிப் பந்தயம் ஓடி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வந்த பத்தாம் நாளே அதன் கொட்டடியில் இரவு பதினொரு மணிவரை விளக்கெரியவிடச் சொன்னார்கள். பிப்ரவரி நடுவில், மருத்துவர் கருவியால் பார்த்துக் குறித்துக் கொடுத்த நாளில், பொலிகுதிரையிடம் கொண்டு போனார்கள். குதிரை இணங்கவில்லை. காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு உதைத்தது. மேலுதட்டில் கயிற்றை மாட்டி முறுக்கி, முன்கால் ஒன்றைத் தூக்கிக் கட்டி, நாலு பேர் சுற்றி நின்று காரியத்தை முடித்தார்கள். உதட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தவர் நம் சகோதரர்தாம். "அன்றிரவு இஷாத் தொழுகைக்குத் தக்பீர் கட்டியபோது என் கை எனக்கே அந்நியமாகத் தெரிந்தது. நேற்றுவரை ஓடிய குதிரையை இன்று சினைக்கு விடுவது மார்க்கத்தில் கூடுமா? கூடாதென்றால், கயிற்றைப் பிடித்த எனக்கும் அதில் பங்கு உண்டா?" என்று கேட்கிறார்.

குதிரைப் பந்தயம் என்றதுமே வாசகர்களில் பலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டியதுதான். கிண்டிக்குப் போய்க் குடும்பத்தைத் தொலைத்தவர்களின் கதை சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. தமிழக அரசு 1974-ல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், அது திறமை சார்ந்த விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்ததும் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்த செய்திகள். பணயம் வைப்பவனுக்குத் திருமறையின் மாயிதா அத்தியாயம் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் நம் சகோதரர் கேட்டது சூதாட்டத்தைப் பற்றியல்ல. சூதாடியவன் மனிதன். குதிரை யாரிடமும் பணயம் வைக்கவில்லை. அது ஓடச் சொன்னபோது ஓடியது. அந்த ஓட்டத்துக்குப் பிறகு அதற்கு நம்மிடம் என்ன பாக்கி இருக்கிறது என்பதே கேள்வி.

குதிரைகளை ஓடவிட்டுப் பார்ப்பது இஸ்லாத்துக்கு அந்நியமானதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அதில் கலந்துகொண்டு ஓட்டியவர்கள். அந்தச் செய்தியை அறிவிப்பவர்களும் அவர்களே. அந்த ஹதீஸை ஓதும்போது நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு நுட்பம் உண்டு. போட்டி ஒன்றல்ல, இரண்டு. பயிற்சியால் உடல் இறுக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அது ஐந்து அல்லது ஆறு மைல் என்று அறிவிப்பாளர் ஒருவர் கணக்குச் சொல்கிறார். பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரைதான். சுமார் ஒரு மைல். ஒரே ஊர், ஒரே நாயகம், ஒரே போட்டி. எனினும் எந்தக் குதிரையின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி தூரத்தை வகுத்தார்கள். மனிதனுடைய ஆசைக்குத் தக்கபடி வகுக்கவில்லை.

அந்தப் பயிற்சிக்கு அரபியில் 'இள்மார்' என்று பெயர். முதலில் நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பார்கள். பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, கொட்டடியில் கட்டி, துணியால் போர்த்தி, வியர்க்க வைத்துச் சதையை இறுக்குவார்கள். இதற்கு நாற்பது நாள் அளவுக்குக் காலம் கொடுப்பது வழக்கமென்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்றுவதற்கு இத்தனை நாள் வேண்டுமென்று அறிந்திருந்த மனிதன், இறக்குவதற்கும் நாள் வேண்டுமென்பதை மட்டும் அறியாமலா போய்விட்டான்?

இன்றைய பந்தயக் குதிரையின் நிலையைச் சற்று விவரித்தால்தான் விஷயம் விளங்கும். நாளின் பெரும்பகுதி அது கொட்டடிக்குள் அடைந்து கிடக்கிறது. புல் குறைவு, தானியம் அதிகம். இதனால் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் இருப்பதாக மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பருவ வேட்கை ஓட்டத்தைக் கெடுக்காதிருக்கப் பல பெட்டைகளுக்கு மருந்து கொடுத்துப் பருவத்தையே அடக்கி வைப்பதும் உண்டு. இப்படிப்பட்ட குதிரையைப் பந்தயத் திடலிலிருந்து கொண்டுவந்து ஒரேயடியாய் மேய்ச்சல் வெளியில் அவிழ்த்துவிட்டால், தறிகெட்டு ஓடிக் காலை முறித்துக்கொள்ளும். ஆகவே முதலில் சிறிய அடைப்பில் சிறிது நேரம் விட்டு, தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டி, லாடத்தைக் கழற்றி, கூட ஒரு சாதுவான துணையைச் சேர்த்து, வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில், பழக்கித்தான் அதை மறுபடியும் குதிரையாக்க வேண்டியிருக்கிறது. நல்ல பண்ணைக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். செய்யத்தான் வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. எத்தனை நாள் என்பதில்தான் பேரம்.

இந்தப் பேரத்தில் குதிரைக்கு எதிராக நிற்பது ஒரு தேதி. பூமியின் வடபாதியில் பிறக்கும் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும், எந்த மாதத்தில் பிறந்தாலும், ஜனவரி 1-ஆம் தேதியே பிறந்தநாள் என்று ஏட்டில் எழுதிவிடுகிறார்கள். டிசம்பர் 31-ல் பிறந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயது! ஆகவே ஜனவரியில் பிறந்த குட்டி, மே மாதத்தில் பிறந்த குட்டியைவிட நான்கு மாதம் மூத்ததாய், உயரமாய் ஏலத்தில் நிற்கிறது. விலையும் கூடுதலாய்ப் போகிறது. பெட்டைக் குதிரை சினை சுமப்பதோ சுமார் பதினோரு மாதம். எனவே பிப்ரவரி நடுவிலேயே இணைசேர்க்கும் காலத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆனால் படைத்தவன் குதிரைக்கு வைத்த பருவம் அதுவன்று. பகல் நீளும்போதுதான் பெட்டைக்குப் பருவம் வரும். ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. குளிர்காலத்தில் அதன் கருப்பை உறங்குகிறது. மே மாதத்தில் சேர்ந்தால் அடுத்த ஏப்ரலில் குட்டி. அப்போது வெயில் இருக்கும், புல் தளிர்த்திருக்கும், தாய்க்குப் பால் சுரக்கும். இந்தக் கணக்கை மனிதன் தன் தேதிக்காகத் திருத்துகிறான். டிசம்பர் தொடக்கத்திலிருந்து கொட்டடியில் விளக்கெரித்து, பகலும் வெளிச்சமுமாகச் சேர்த்துப் பதினாறு மணி நேரம் காட்டினால், சுமார் இரண்டு மாதத்தில் குதிரையின் உடம்பு கோடை வந்துவிட்டதென்று ஏமாந்துபோகிறது. நம் சகோதரரை எரியவிடச் சொன்ன விளக்கு இதுதான். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் முற்காலத்தில் குதிரைகளின் பிறந்தநாள் மே 1-ஆகத்தான் இருந்தது. அது குதிரையின் இயல்போடு ஒட்டிய தேதி. 19-ஆம் நூற்றாண்டில்தான் ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். பந்தயக்காரர்களின் கணக்கு வசதிக்காக நகர்த்திய அந்தத் தேதிக்கு ஏற்றபடி இன்றைக்கும் குதிரைகளின் உடம்பைத் திருப்புகிறார்கள்.

பந்தயம் முடிவது அக்டோபர், நவம்பரில். சேர்க்கை தொடங்குவது பிப்ரவரியில். இடையில் இருப்பது மூன்று மாதம். அந்த மூன்று மாதத்திலும் விளக்கு.

அமெரிக்காவின் இரண்டு புகழ்பெற்ற பெட்டைக் குதிரைகளை எடுத்துக்கொள்வோம். ஸென்யாட்டா 20 பந்தயங்களில் ஓடி 19-ல் வென்றது. 2010 நவம்பரில் கென்டக்கி மாநிலத்தில் ஓடிய கடைசிப் பந்தயத்தில் மட்டும் தலையளவு தூரத்தில் தோற்றது. 2011-ல் பொலிகுதிரையிடம் விடப்பட்டு, 2012 மார்ச் 8-ல் முதல் குட்டியை ஈன்றது. ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா 2009-ல் ஆண் குதிரைகளோடு ஓடி ப்ரீக்னஸ் பந்தயத்தை வென்றது. 85 ஆண்டுகளில் எந்தப் பெட்டையும் செய்யாத காரியம். 2010 செப்டம்பரில் ஓய்வு என்று அறிவித்தார்கள். 2012 ஜனவரியில் முதல் குட்டி. 2013 பிப்ரவரியில் இரண்டாவது குட்டி. ஓட்டம் நின்றதிலிருந்து அதன் உடம்பு தனக்காக மட்டும் இருந்த காலம் சில மாதங்கள்தாம். இரண்டாவது பிரசவத்தில் குடலில் காயம் ஏற்பட்டு, அறுவை சிகிச்சை செய்து, பல வாரங்கள் மருத்துவமனையில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அவசரத்தால்தான் இது நேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. எந்தத் தாய்க்கும் பிரசவத்தில் இப்படி நேரலாம். நாம் இதை எடுத்துச் சொல்வது அதற்குப் பின் நடந்ததற்காக. அந்தக் குதிரையின் ஒவ்வொரு குட்டிக்கும் பெருந்தொகை கிடைக்குமென்று உலகுக்கே தெரியும். அப்படியிருந்தும், இனி அதைச் சினைக்கு விடப்போவதில்லை என்று பண்ணையை நடத்திவந்த அம்மையார் முடிவு செய்தார், விடவும் இல்லை. அவர் முஸ்லிம் அல்லர். நம் கிதாபுகளை அவர் ஓதியிருக்கமாட்டார். ஓதியிருக்கும் நாம் அவருக்கு முன்னால் சிறிது வெட்கப்படத்தான் வேண்டும்.

ஏனெனில் இந்தக் கேள்விக்கான பதில் நம் கிதாபுகளில் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர், 'சுல்தானுல் உலமா' என்று போற்றப்பட்ட இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 660-ல் காலமானவர்கள். 'கவாஇதுல் அஹ்காம்' என்னும் நூலில், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை அவர்கள் வரிசையாகக் கூறுகிறார்கள். தீனிக்கும் தண்ணீருக்கும் செலவிட வேண்டும்; அது கிழடாகியோ நோயுற்றோ எந்தப் பயனும் தராமல் போனாலும் செலவிட வேண்டும். சக்திக்கு மீறிச் சுமத்தக்கூடாது. தங்குமிடம் நல்லதாக இருக்க வேண்டும். அதன் கண்முன்னே அதன் குட்டியை அறுக்கக்கூடாது. இந்த வரிசையில்தான் இன்னொன்றும் வருகிறது: பருவ காலத்தில் ஆணையும் பெண்ணையும் ஒன்றுசேர விட வேண்டும்.

இதைப் படித்தபோது நமக்கே வியப்பாக இருந்தது. நம் சகோதரர் சேர்க்கையையே குற்றமென்று எண்ணி மனம் நொந்திருக்கிறார். இமாம் அவர்களோ சேர்க்கையைப் பிராணியின் உரிமை என்கிறார்கள்! ஆகவே பெட்டைக் குதிரையைக் காலமெல்லாம் மலடாய்க் கட்டி வைப்பதை இரக்கமென்று நாம் சொல்லமுடியாது. துணையும் குட்டியும் மேய்ச்சலும் அதன் இயற்கை. தாயான பிறகு சாந்தமடைந்த குதிரைகளைக் கண்டவர்கள் ஏராளம். ஆனால் இமாம் அவர்கள் 'பருவ காலத்தில்' என்று ஒரு நிபந்தனை வைத்தார்களே, அது யாருடைய பருவம்? ஏலக்காரனுடைய பருவமா, விளக்கைப் போட்டு வரவழைத்த பருவமா, பிராணிக்கு அல்லாஹுத் தஆலா வைத்த பருவமா? உரிமை குதிரையினுடையதென்றால் பருவமும் குதிரையினுடையதாகத்தானே இருக்க முடியும்? பிராணியின் உரிமையாக எழுதப்பட்டதை உரிமையாளனின் வசதியாக மாற்றிக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது என்பது நம் அபிப்பிராயம்.

இதற்குப் பண்ணைக்காரர்கள் தரப்பில் வலுவான பதில் ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. "ஓட்டம் நின்ற குதிரைக்குச் சினை ஒன்றுதான் பாதுகாப்பு. குட்டி தராத குதிரைக்கு யார் தீனி போடுவார்கள்? நீங்கள் இரக்கம் பேசிப் பேசி அதைக் கசாப்புக்கடைக்கு அனுப்பிவிடுவீர்கள்" என்பார்கள். இது வெறும் மிரட்டலன்று. 1986-ல் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட் என்னும் ஆண் குதிரை, பொலிகுதிரையாகப் பெயரெடுக்காமல் ஜப்பானுக்கு விற்கப்பட்டு, 2002-ல் அங்கே அறுக்கப்பட்டுவிட்டதாகப் பின்னர் தெரியவந்தது. டெர்பி வென்ற குதிரைக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத குதிரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாதம் உண்மைதான். ஆனால் அது யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது? பயனற்றுப் போன பிறகும் தீனி போடுவது கடமை என்று இமாம் அவர்கள் எழுதினார்களே, அந்தக் கடமையைச் செய்ய மாட்டோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பிறகல்லவா இந்த வாதமே பிறக்கிறது! போடவேண்டிய தீனிக்கு வாடகையாகச் சினையைக் கேட்பதுதான் இது. ஏழைப் பண்ணைக்காரர் ஒருவர், குட்டி விற்றால்தான் தாய்க்குத் தீனி என்னும் நிலையில் இருக்கலாம். அவருடைய சங்கடம் நமக்குப் புரிகிறது. அவரிடமும் நாம் கேட்பது குதிரையைச் சினைக்கே விடாதீர்கள் என்பதல்ல. பிப்ரவரியை மே ஆக்குங்கள் என்பதே. இழப்பு, குட்டியின் விலையில் ஒரு பகுதி. அதுகூட இல்லாமல் அமானிதத்தைப் பேணுவதென்றால் எப்படி?

இங்கே அள்பாவின் நினைவு வருகிறது. நாயகம் (ஸல்) அவர்களின் அந்த ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனம் வலித்தது. உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்று நாயகம் அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். முந்தப்பட்டதால் அந்த ஒட்டகத்தின் மதிப்பு நாயகத்திடம் குறையவில்லை.

அதே அள்பாவைப் பற்றி இன்னொரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. எதிரிகளிடம் சிறைப்பட்டிருந்த அன்ஸாரிப் பெண்மணி ஒருவர், அவர்கள் கவர்ந்து சென்றிருந்த அந்த ஒட்டகத்தின்மீதே ஏறித் தப்பி வந்தார். அல்லாஹ் தன்னைக் காப்பாற்றினால் இந்த ஒட்டகத்தை அறுத்துத் தருவதாக வழியில் நேர்ச்சை செய்துகொண்டார். மதீனா வந்து அதைச் சொன்னபோது நாயகம் அவர்கள் வியந்து, அதற்கு எவ்வளவு மோசமான பிரதிபலனைக் கொடுக்க நினைத்துவிட்டாள் என்ற கருத்தில் கூறினார்கள். தனக்குச் சொந்தமில்லாததில் நேர்ச்சை இல்லை என்ற சட்டமும் அதோடு சொல்லப்பட்டது. நாம் பெரும்பாலும் சட்டத்தை மட்டும் மனனம் செய்துகொண்டு முதல் வார்த்தையை விட்டுவிடுகிறோம். அந்தப் பெண்மணியின் எண்ணம் கெட்டதன்று. இறைவனுக்கு நன்றி செலுத்தவே விரும்பினார். ஆனால் அந்த நன்றிக்கான விலையைச் சுமந்து வந்த பிராணியின் கழுத்திலிருந்து எடுக்கப் பார்த்தார். பந்தயத்தில் வென்று தந்த குதிரைக்கு, "இது சாதாரணக் குதிரையா! இதன் இரத்தம் வீணாகலாமா! உடனே குட்டி எடுக்க வேண்டும்" என்று பாராட்டிப் பேசுகிறவர்களின் பேச்சிலும் இந்தச் சாயல் இருக்கிறது. பாராட்டு குதிரைக்கு, பாரமும் குதிரைக்கு.

இடையில் ஒரு சட்ட விஷயத்தையும் தொட்டுவிட்டுப் போகிறோம். பொலிகுதிரைக்குக் கட்டணம் வாங்குவதைப் பற்றியும் சகோதரர் கேட்டிருக்கிறார். டுபாவி என்னும் பொலிகுதிரைக்கு 2024-ல் ஒரு சேர்க்கைக்கு விதிக்கப்பட்ட கட்டணம் மூன்றரை லட்சம் பவுண்டு. ஆண் பிராணியைச் சேர்க்கைக்கு விட்டுக் கூலி வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் அப்படி வாடகைக்கு விடுவது செல்லாது. மாலிக்கீ மத்ஹபில் காலத்தையோ எண்ணிக்கையையோ குறித்துக்கொண்டால் கூடுமென்கிறார்கள். நிபந்தனை பேசாமல் மரியாதைக்குத் தரும் அன்பளிப்புக்கு திர்மிதீயில் அனுமதி உண்டு. அவரவர் தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கருவிலிருக்கும் கருவின் கருவை விற்பதை நாயகம் தடுத்ததும் இந்த வியாபாரத்தில் ஈடுபட்டவர்கள் மறக்கக்கூடாத ஒன்று. சகோதரரின் மாதச் சம்பளம் தீனி வைத்ததற்கும் லாயம் கழுவியதற்கும் உள்ள கூலி. அதைப்பற்றி அவர் மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை என்று நாம் கலந்துகொண்ட ஆலிம்கள் சொன்னார்கள்.

எங்கோ கோடீஸ்வரர்கள் வளர்க்கும் குதிரையைப் பற்றி நமக்கேன் இத்தனை பக்கம் என்று வாசகர்கள் கேட்கலாம். குதிரை நமக்கு அந்நியமன்று. ராவுத்தர் என்ற பெயரையே குதிரையோடு சேர்த்துத்தான் நம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல் வழியாக வந்து இறங்கிய துறை காயல். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் அனுப்பிய குதிரைகளுக்கு, தலைக்கு 220 பொன் தீனார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் அதே விலை என்றும் ஒப்பந்தம் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அக்காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருப்பது இன்னும் மனத்தை உறுத்துகிறது. பேணத் தெரிந்தவர் இல்லாததால் வாங்கிய குதிரைகளில் மிகச் சிலவே ஆண்டு முடிவில் உயிரோடு மிஞ்சினவாம். குதிரை மருத்துவம் தெரிந்த லாடக்காரர்களை வியாபாரிகள் இங்கு வரவே விடுவதில்லையாம். குதிரைகள் சாகச் சாகத்தானே புதிய குதிரைகள் விலைபோகும்! நல்ல பெட்டையை நல்ல ஆண் குதிரையோடு சேர்த்தாலும் இங்கே கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்றும் எழுதுகிறார். அயலார் எழுதியதில் மிகையும் இருக்கலாம். அப்படியே பாதியைத் தள்ளிவிட்டாலும், மிஞ்சும் பாதியில் அந்த வியாபாரிகள் ஐந்து வேளை தொழுதவர்கள் என்பது தள்ளமுடியாதது. அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் குதிரை சரக்காக இருந்தது. ஆதியாத் அத்தியாயத்தை அவர்களும் ஓதியிருப்பார்கள். மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின்மீது ஆணையிட்டுவிட்டு, இறைவன் உடனே மனிதனின் நன்றிகெட்ட தன்மையைப் பற்றியல்லவா அங்கே பேசுகிறான்!

சகோதரரின் கேள்விக்கு வருவோம். ஓடி முடித்த பெட்டையைச் சினைக்கு விடுவது ஹராம் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. உடம்பு தேறி, தன் பருவத்தில், தானே இணங்கி நிற்கும் குதிரையை ஓட்டம் நின்ற முதல் வருடத்திலேயே விட்டாலும் குற்றமில்லை. சில குதிரைகள் மூன்று மாதத்தில் தேறிவிடும். சிலவற்றுக்கு ஒரு வருடம் வேண்டும். ஆனால் மெலிந்து, புண்பட்டு, நடுங்கி, உதைத்துக்கொண்டு நிற்கும் குதிரையை, அதற்குக் கெடுதி உண்டாகுமென்று தெரிந்தும், ஒரு தேதிக்காகக் கட்டிப்போட்டுச் சேர்ப்பது வாயில்லாப் பிராணியைத் துன்புறுத்துவதுதான். அந்தப் பாவம் முதலில் உத்தரவிட்ட உரிமையாளனைச் சேரும்.

கயிற்றைப் பிடித்தவருக்கு? தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும்; முடியாவிட்டால் நாவால்; அதுவும் முடியாவிட்டால் மனத்தால் வெறுக்க வேண்டும் என்பது நாம் அறிந்த ஹதீஸ். கையால் தடுக்க அவருக்கு அதிகாரமில்லை. அவர் கயிற்றை விட்டிருந்தால் குதிரையோ மனிதர்களோ காயப்பட்டிருப்பார்கள். ஆகவே பிடித்ததற்காக அவரை நாம் குறை சொல்லவில்லை. நாவு மிஞ்சியிருக்கிறது. பேசினால் வேலை போய்விடுமோ, ஊரில் மூன்று பெண்மக்கள் இருக்கிறார்களே என்று எழுதியிருக்கிறார். அந்த அச்சத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. அதனால்தான் அவருக்குத் தபாலில் வேறொரு யோசனை எழுதினோம். பாவம் புண்ணியம் என்று முதலாளியிடம் பேச வேண்டாம். தினமும் குதிரை எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம் வைத்தது, விலாவெலும்பு தெரிகிறதா, மற்றக் குதிரைகளோடு சேர்ந்து நிற்கிறதா என்று ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி, மருத்துவர் வரும்போது அதைக் காட்டட்டும். உடம்பு தேறாத குதிரைக்குக் கரு தங்குவது அரிது என்று மருத்துவர் சொன்னால் முதலாளி கேட்பார். குதிரைக்கு வேண்டியது இரண்டு மாதம். அது எந்தக் காரணத்தைச் சொல்லிக் கிடைத்தாலென்ன!

பசியையும் அசதியையும் முறையிட்டு அழுத ஒட்டகத்தின் காதுக்குப் பின்னால் நாயகம் (ஸல்) அவர்கள் தடவிக்கொடுத்ததையும், அது அமைதியானதையும், பிறகு உரிமையாளரான அன்ஸாரி இளைஞரை அழைத்து அல்லாஹ்வை அஞ்சும்படி சொன்னதையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிட்டோம். முதல் சேர்க்கையில் கரு தங்கவில்லை என்றும், மூன்று வாரத்தில் மறுபடியும் கொண்டுபோகப் போகிறார்கள் என்றும் அவர் எழுதியிருந்தார். நோட்டு வாங்கினாரா, மருத்துவரிடம் காட்டினாரா என்பது, இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை, நமக்குத் தெரியவில்லை.